யாரும் ஹாரன் அடிக்காத ஏரி

என் அருமை மகளுக்கு, நீ பெற்ற அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் அத்தையும் சௌக்கியம், பால்கனியில் நீ விட்டுப்போன செடிதான் கொஞ்சம் சௌக்கியக் குறைவு, அத்தை அதற்கு அளவு தெரியாமல் தண்ணீர் ஊற்றுகிறார், கேட்டால் "அது கேக்குது, நான் ஊத்தறேன்" என்கிறார். அங்கே நீ எப்படி இருக்கிறாய், உன் கால்வலி எப்படி இருக்கிறது, இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் எழுத வேண்டும், போன முறை "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று ஒரே வரியில் நழுவிவிட்டாய். நீ மருத்துவமனை வேலைக்குப் புறப்பட்ட அன்று விமான நிலையத்தில் முதல் நாள் பள்ளிக்கூடம் போகிற குழந்தை மாதிரி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாயே, நான்தானே உன் பையைத் தோளில் மாட்டிவிட்டு, சமர்த்தாக இருக்கணும், யாரோடும் சண்டை போடக்கூடாது, வேளாவேளைக்குச் சாப்பிடணும் என்று சொல்லி அனுப்பினேன், அன்றைக்கே முடிவாகிவிட்டது கடிதத்தில் நான் அம்மா நீ பிள்ளை என்று, ஆகையால் இந்தக் கடிதத்திலும் புத்திமதி வரும், முகத்தைச் சுளிக்காமல் படி. நின்றுகொண்டே சாப்பிடாதே. மற்றவர்களுடைய இரவு வேலையை எல்லாம் நீயே வாங்கிப் போட்டுக்கொள்ளாதே, உன் முகத்தில் ஏமாளி என்று எழுதி ஒட்டியிருக்கிறதா என்ன. உன் வார்டில் அந்த உயரமான அக்காவோடு டீ கோப்பைக்காகச் சண்டை என்றாயே, சமாதானம் ஆயிற்றா, நீயே முதலில் போய்ப் பேசு, உனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இதை நான் குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன், துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் காகிதம், வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் நான். வீட்டில் எல்லாரும் தூங்கியாகிவிட்டது. யாராவது எழுந்து வந்தால் குழாயைத் திறந்துவிடலாம் என்று ஒரு கை குழாய்ப் பக்கமாகவே இருக்கிறது, அதனால் எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். போனில் சொல்லலாமே என்று கேட்பாய். போனில் எப்படிச் சொல்வது, போனைப் பிடிப்பவர் அப்பா, படத்தில் தெரிவது அவருடைய ஒரு காதும் நெற்றியும், பின்னால் நின்று ஒவ்வொரு வார்த்தைக்கும் உரை எழுதுபவர் அத்தை. எனக்குப் பயமாக இருக்கிறது என்று அந்தக் கூட்டத்துக்கு நடுவே சொல்ல முடியுமா. எனக்குப் பயமாக இருக்கிறது அம்மா. நாளைக் காலை நீச்சல். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் அது எப்படியும் முடிந்துபோயிருக்கும், அதனால் நீ பதறி ஒன்றும் ஆகப்போவதில்லை, உட்கார்ந்து நிதானமாகப் படி.

நீச்சல் எதற்கு என்பது உனக்குத் தெரியும், ஆனால் முழுசாகத் தெரியாது. லீவில் எங்கள் பள்ளியிலிருந்து சிலரை வெளிநாட்டுக்குத் தொண்டு வேலைக்கு அழைத்துப் போகிறார்கள், ஆற்றங்கரையில் ஒரு ஊர், வீடுகள் எல்லாம் தண்ணீருக்கு மேலே கால் ஊன்றி நிற்கின்றன, குழந்தைகள் படகில்தான் பள்ளிக்குப் போகிறார்கள், தவறி விழுந்தால் மிதக்கத் தெரியாமல் மூழ்கிப்போய்விடுகிறார்கள், அந்தச் சின்னப் பிள்ளைகளுக்கு மல்லாந்து மிதக்கச் சொல்லிக்கொடுப்பதுதான் எங்கள் வேலை. போகிற செலவை அவரவரே திரட்ட வேண்டும், அதற்காகத்தான் இந்த நீச்சல், நாம் நீந்துகிற தூரத்துக்கு இவ்வளவு பணம் தருகிறோம் என்று தெரிந்தவர்கள் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுவார்கள். எங்கள் உடற்பயிற்சி ஆசிரியை, விசில் மிஸ் என்று நாங்கள் சொல்வோமே அவர்தான், ஏன் சேருகிறாய் என்று எல்லாரையும் கேட்டார். நான் சேவை மனப்பான்மை என்று சொன்னேன். மிஸ் பாராட்டினார். அந்த ஊரிலிருந்து உன் மருத்துவமனைக்கு ஒரே ஒரு பேருந்துப் பயணம் என்று நான் வரைபடத்தில் பார்த்து வைத்திருந்ததைச் சொல்லவில்லை. உன்னை நான் தொட்டுப் பார்த்து இரண்டு வருஷம் ஆகிறது அம்மா, படத்தில் நீ குட்டையாகிக்கொண்டே வருகிறாய். ஆனால் அதற்குப் பிறகு மிஸ் ஒரு படம் போட்டுக் காட்டினார், முன்பல் இல்லாத ஒரு பொடியன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, முதல் தடவையாக மிதக்கிறான், மிதப்பது தெரிந்ததும் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்க்கிறான். அந்த ஒரு கண்ணைப் பார்த்த பிறகு உண்மையாகவே போகணும் என்று ஆகிவிட்டது. ஆகவே மிஸ்ஸிடம் சொன்னதில் இப்போது பாதி நிஜம்.

பயிற்சி கொடுத்தது யார் தெரியுமா, அப்பா. அவருக்கு நீச்சல் தெரியாது என்பதெல்லாம் அவருக்கு ஒரு தடையே இல்லை. பதினெட்டு வருஷமாக டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுக்கிறவனுக்குத் தண்ணியில் சொல்லிக்கொடுக்கத் தெரியாதா என்று சொல்லி, நீச்சல் குளத்தின் ஓரத்தில் காலணியைக் கையில் தூக்கிக்கொண்டு எனக்கு இணையாக நடப்பார். "மூச்ச கியர் மாதிரி மாத்தணும்மா, சத்தம் வரக்கூடாது," "கை வெளிய வர்றதுக்கு முன்னாடி கண்ணாடி பாரு" என்பார், தண்ணீரில் கண்ணாடி எங்கே இருக்கிறது என்று கேட்டால் "மனசுக்குள்ள பாரு" என்பார். பயிற்சி வண்டியில் அவருடைய பக்கமும் ஒரு பிரேக் இருக்குமே, அந்தப் பழக்கத்தில் நான் சுவரை நெருங்கும்போதெல்லாம் அவருடைய வலது கால் தன்னால் தரையை அழுத்தும். குளத்துக் காவலாளி பார்த்துவிட்டு "சார், கால்ல சுளுக்கா?" என்று கேட்டே விட்டார். அவருக்கு வண்டி கற்றுக்கொள்கிறவர்கள் எல்லாருமே என் தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், அதிலும் ஒரு வங்கி மேலாளர் இருக்கிறார், ஒவ்வொரு தேர்விலும் தோற்றுப்போகிற மனிதர், அவர்தான் தாராளமாக எழுதினார், அதிலிருந்து அவர் வண்டியை நடைபாதையில் ஏற்றினால்கூட அப்பாவால் திட்ட முடியவில்லை, "பரவாயில்ல சார், அதுவும் ஒரு அனுபவம்" என்கிறார். அத்தையின் முறை வேறு. தன் தையல் கடையில் ஜிப்பு மாற்றக் கொடுத்த கால்சட்டைகளை மடித்து மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு, முதலில் கையெழுத்து, பிறகு கால்சட்டை என்று சொல்லிவிட்டார். ஒருவர் கோபித்துக்கொண்டு வெறும் கையோடு போனாராம், மறுநாள் கல்யாண வீட்டுக்குப் போட்டுக்கொள்ள வேறு இல்லாமல் திரும்பி வந்து இரண்டு மடங்காக எழுதிக்கொடுத்தாராம். ஆக, தெருவே எனக்காகக் கையெழுத்துப் போட்டிருக்கிறது, நான் நீந்த வேண்டியது ஒன்றுதான் பாக்கி.

நீச்சல் குளத்தில் எனக்குப் பயமில்லை. அங்கே தரையில் நீலக் கற்கள், நடுவில் ஒரு கறுப்புக் கோடு, நான் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே போவேன், கோடு தெரிகிற வரை பூமி கீழே இருக்கிறது என்று ஒரு தைரியம். போன வாரம் குளத்தின் தரை விரிசல் விட்டுத் தண்ணீரெல்லாம் வடிந்துபோயிற்று. பழுது பார்க்க மாதக் கணக்கில் ஆகுமாம், அதனால் நீச்சலை ஊருக்கு வெளியே ஏரிக்கு மாற்றிவிட்டார்கள். படகுத்துறையில் இறங்கி, ஏரி நடுவரை போட்டிருக்கிற ஆரஞ்சு மிதவைகளை ஒவ்வொன்றாகத் தாண்டிப் போய், கடைசி மிதவையைச் சுற்றித் திரும்பி வர வேண்டும், மிதவைக்கு இவ்வளவு என்று கணக்கையும் மாற்றியாகிவிட்டது. ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் ஒரு படகு வரும், முடியவில்லை என்றால் அதைப் பிடித்துக்கொள்ளலாம், ஆனால் பிடித்தால் அதோடு நீச்சல் முடிந்தது. இந்தச் செய்தி பெற்றோர் போனுக்கும் வந்தது. அப்பா முகம் கழுவப் போயிருந்த நேரம், போன் என் கையில் இருந்தது, நான் அழித்துவிட்டேன். ஏரி என்று தெரிந்தால் அந்த நிமிஷமே வேண்டாம் என்று சொல்லிவிடுவார் அம்மா, உனக்குத் தெரியாதா அவரை, மழை வந்தாலே என்னை மொட்டை மாடிக்கு விடாதவர். வேண்டாம் என்றால் பயணம் இல்லை, பயணம் இல்லை என்றால் அந்தப் பேருந்தும் இல்லை.

அழித்துவிட்டேனே தவிர அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று நானும் வாத்தும், என் வகுப்புத் தோழி, நடக்கும்போதே நீந்துவது மாதிரி நடப்பாளே அவள்தான், பள்ளி விட்டதும் சைக்கிளில் ஏரிக்குப் போனோம். தண்ணீர் ஆறிப்போன டீ நிறம். கையை உள்ளே விட்டால் முழங்கைக்குக் கீழே கை இல்லை. கால் வைத்த இடம் வழவழவென்று யாருடைய நாக்கிலோ மிதித்த மாதிரி இருந்தது. வாத்து குதித்துப் போய் நடுவில் மிதந்துகொண்டு "வாடி, சூப்பரா இருக்கு" என்று கத்துகிறாள். நான் கழுத்து வரை போனேன், என் கெண்டைக்காலில் ஏதோ ஒன்று மெதுவாகத் தடவிவிட்டுப் போயிற்று, அவ்வளவுதான், எப்படிக் கரைக்கு வந்தேன் என்று தெரியாது, ஒரு செருப்பையும் விட்டுவிட்டு சைக்கிளில் ஏறிவிட்டேன். அது வெறும் பாசிதான் என்று வாத்து சத்தியம் செய்கிறாள். பாசிதான் என்று எனக்கும் தெரியும், என் காலுக்குத் தெரியவில்லையே. தண்ணீருக்குப் பயப்படாதே என்று அந்த முன்பல் இல்லாத பொடியனுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறவள் இவள்தான். நாளைக் காலை வயிற்றுவலி என்று படுத்துவிடலாமா என்று சாயங்காலத்திலிருந்து யோசிக்கிறேன். அதைத்தான் உன்னிடம் கேட்க உட்கார்ந்தேன், கேட்டால் பதில் வர வாரக் கணக்காகும் என்பது எழுத ஆரம்பித்த பிறகுதான் உறைக்கிறது.

அம்மா, இப்போது ஒன்று நடந்தது, சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். குளியலறை ஜன்னலும் சமையலறை ஜன்னலும் பக்கத்துப் பக்கம் என்பது உனக்குத் தெரியும், நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே சமையலறையில் விளக்கு எரிந்தது. அத்தை குரல். "டேய், கைய நீட்டு. கொப்புளத்தப் பாரு, உடைஞ்சு தோலே உரிஞ்சிருச்சு. அம்பது வயசுல படகோட்டி வேஷம் உனக்கு எதுக்குடா?" அப்பா ஸ் ஸ் என்கிறார், மருந்து எரிகிறதோ அல்லது அத்தையை மெதுவாகப் பேசச் சொல்கிறாரோ தெரியவில்லை. "மெல்லக்கா, அவ எழுந்துடுவா. ஏரின்னு அவளுக்கு இன்னும் தெரியாது. நானே பக்குவமா சொல்லிக்கறேன்னு மிஸ் கிட்ட கேட்டு வச்சிருக்கேன்." "எப்போ சொல்லுவ, தண்ணியில தள்ளிவிட்ட அப்புறமா?" "காலைல வண்டியில சொல்றேன்." "படகுக்காரன் யாராவது வரட்டுமேடா, உனக்கு நீச்சலும் தெரியாது, துடுப்பும் தெரியாது." அதற்கு அப்பா சொன்னது சரியாகக் கேட்கவில்லை, பக்கத்து சீட்டு என்று மட்டும் கேட்டது, பிறகு அத்தை "உன் பக்கத்து சீட்டும் நீயும்" என்று சொல்லி மூக்கை உறிஞ்சினார். மிஸ் அவருக்குப் போனும் செய்திருக்கிறார் அம்மா, நான் செய்தியை அழித்து என்ன பயன். எனக்குப் பக்கத்தில் வருகிற படகைத் தானே ஓட்ட வேண்டும் என்று ஒரு வாரமாக வேலை முடிந்ததும் ஏரிக்குப் போய் அப்பா துடுப்புப் போடக் கற்றுக்கொண்டிருக்கிறார், நான் பயந்துவிடுவேன் என்று அவர் மறைக்கிறார், அவர் பயந்துவிடுவார் என்று நான் மறைக்கிறேன். புது வண்டியில் ஸ்டியரிங் கரடுமுரடாக இருக்கிறது, கை புண்ணாகிறது என்று அவர் சொன்னபோது நானும் நம்பினேனே, எந்த ஸ்டியரிங் உள்ளங்கைத் தோலை உரிக்கும்.

இவ்வளவும் கேட்டுவிட்டு மூச்சுவிடாமல் உட்கார்ந்திருக்கிறேன், குளியலறைக் கதவைத் தட்டுகிறார் அப்பா. "உள்ள யாரு?" குழாயைத் திறந்தேன். "நான்தாம்பா." "இந்நேரத்துல என்னம்மா, வயிறு சரியில்லையா?" என் வாயில் ஆமாம் என்று வந்துவிட்டது. அவர் போகவில்லை, கதவுக்கு அடியில் அவருடைய கால் நிழல் தெரிகிறது. "நாளைக்கு..." என்று ஆரம்பித்தார். பிறகு "ஒண்ணுமில்ல, படும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் குளியலறைக்குத்தானே வந்தார், அதையும் மறந்துவிட்டார் பாவம். இப்போது பார், வயிற்றுவலியை நானாகப் போய்ச் சொல்லக்கூட வேண்டாம், தானாக அமைந்துவிட்டது. காலையில் ஒரு முனகல் போதும், ஏரியும் இல்லை ஒன்றும் இல்லை, யாரும் என்னைக் குறை சொல்லமாட்டார்கள். மேலே எழுத ஓடவில்லை. படுக்கிறேன்.

மறுபடியும் அதே வாளி, அதே குழாய், ஒரு ராத்திரி கழிந்திருக்கிறது. தலைமுடி இன்னும் காயவில்லை, அத்தை தேய்த்த தேய்ப்பில் காது எரிகிறது. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், அப்பா போனில் சொல்லியிருப்பார், அதில் பாதியை மட்டும் நம்பு. காலையில் நான் முனகவில்லை. முனகத்தான் நினைத்தேன், ஆனால் அப்பா காலைக் காப்பியைக் கொண்டுவந்து நீட்டியபோது கோப்பையை விரல் நுனியால் மட்டும் பிடித்திருந்தார், உள்ளங்கை படாமல். அதைப் பார்த்த பிறகு முனகல் வரவில்லை. காரில் ஏறினோம், பின்னால் அத்தை, மடியில் வீட்டில் இருக்கிற துண்டு அத்தனையும். குளத்துக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் அப்பா வலப்பக்க விளக்கைப் போட்டார், கண்ணாடியைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். "அது வந்தும்மா, குளத்துல ஏதோ ரிப்பேராம்." நான் "தெரியும்பா" என்றேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. பதினெட்டு வருஷத்தில் அவர் வண்டியை அப்படி நிறுத்தியதே கிடையாது. "எப்பலேர்ந்து?" "உங்களுக்கு முன்னாடியே." "அப்போ அந்த மெசேஜ..." "நான்தான்." பின்னாலிருந்து அத்தை "நல்ல குடும்பம்டா இது, ஒருத்தருக்கொருத்தர் வாயே திறக்காதீங்க, நான் ஒருத்திதான் ஊமையா பொறக்கலை" என்று தலையில் அடித்துக்கொண்டார். அப்பா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "வேணாம்னா சொல்லு, இங்கயே யூ டர்ன் போட்டுடலாம். கையெழுத்துப் போட்டவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்" என்றார். அம்மா, எனக்குத் திரும்பிப் போகணும் என்றுதான் இருந்தது. ஆனால் "போங்கப்பா" என்று யாரோ சொன்னார்கள், குரல் என் குரல் மாதிரியே இருந்தது.

அப்பா படகில் உட்கார்ந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். மிதவை ஜாக்கெட்டை மாட்டி, அதன் பட்டையை சீட் பெல்ட் மாதிரி இழுத்து இழுத்துப் பார்த்து, முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்து, பக்கத்தில் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் துடுப்பைத் தொட்டார். விசில் மிஸ் விசில் ஊதினார், நான் இறங்கினேன். முதல் மிதவை வரை என்ன நடந்தது என்று எனக்கு நினைவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன், அதனால் கோணலாகப் போனேன், அப்பாவின் படகும் கோணலாகப் போயிற்று, இரண்டு கோணலும் சேர்ந்து எப்படியோ நேராக ஆயிற்று. மூன்றாவது மிதவையைத் தாண்டியதும் அது வந்தது. அதே பாசி, அதே தடவல், இந்த முறை இரண்டு காலிலும். உதைத்தேன், இன்னும் சுற்றிக்கொண்டது. வாயில் தண்ணீர் போயிற்று, கீழே பார்த்தேன், பழுப்பு, அதற்குக் கீழேயும் பழுப்பு, கோடு இல்லை, தரை இல்லை. படகு ஒரு கை தூரத்தில் இருக்கிறது, கையை நீட்டினால் மரம். நீட்டியே விட்டேன் அம்மா. விரல் தொடுவதற்கு முன்னால் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன், நீ விமானம் ஏறப் போனபோது இருந்த முகம், கூப்பிடவும் இல்லை போ என்றும் சொல்லவில்லை. நான் கையை இழுத்துக்கொண்டு மல்லாந்துவிட்டேன், அந்தப் பொடியன்களுக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டிய முதல் பாடம் அதுதான், ஒன்றும் செய்யத் தெரியாவிட்டால் வானத்தைப் பார். காதுக்குள் தண்ணீர், நெஞ்சு தையல் மிஷின் மாதிரி அடிக்கிறது. அப்பா குரல் தண்ணீருக்குள்ளிருந்து கேட்பது போலக் கேட்டது. "அவசரமே இல்லம்மா. வண்டி நின்னுடுச்சுன்னா நிக்கட்டும். பின்னாடி யாரும் ஹாரன் அடிக்கல. நிதானமா மறுபடி ஸ்டார்ட் பண்ணிக்கலாம்." உண்மையில் பின்னால் வாத்தின் அப்பா வழி விடச் சொல்லிக் கத்திக்கொண்டுதான் இருந்தார், அதையும் மீறிச் சொன்னார். நடுச்சாலையில் வண்டி நின்றுபோய் வியர்த்து வழிகிறவர்களிடம் எல்லாம் தினமும் இப்படித்தான் பேசுவார் போலிருக்கிறது, அந்த வங்கி மேலாளர் ஏன் வேறு ஸ்கூலுக்குப் போகாமல் இவரிடமே தோற்றுக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது. எவ்வளவு நேரம் மிதந்தேன் என்று தெரியாது. பாசி தானாகவே அவிழ்ந்து போயிற்று. திரும்பிக் கவிழ்ந்தேன், கையை எடுத்தேன், போனேன்.

கடைசியில்தான் வந்தேன். எல்லாருக்கும் கடைசி. படகுத்துறையில் ஏறியதும் அத்தை எல்லாத் துண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி என்னைப் பொட்டலமாகக் கட்டிவிட்டார், மிஸ் என் தாளில் எல்லா மிதவைக்கும் கோடு போட்டு, பயணப் பட்டியலில் நான் உண்டு என்று சொன்னார், வாத்து என் முதுகில் அறைந்தாள். அப்போதுதான் அத்தை "அவன் எங்கடி?" என்றார். திரும்பிப் பார்த்தால் ஏரியில் அப்பா, முதல் மிதவைக்கு அந்தப் பக்கம், ஒரு துடுப்பை வைத்துக்கொண்டு ஒரே இடத்தில் வட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார். நான் துறையில் ஏறியதைப் பார்த்த சந்தோஷத்தில் இரண்டு கையையும் தூக்கியிருக்கிறார், ஒரு துடுப்பு நழுவிப் போய்விட்டது, படகு காற்றில் பின்னால் போகிறது. உதவிப் படகுக்காரர் அந்தப் பக்கம் மிதவைகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார், கூப்பிட்டால் கேட்கிற தூரம் இல்லை. அப்பாவோ எங்களைப் பார்த்து, ஒன்றும் பிரச்சினை இல்லை, வண்டியைத் திருப்பிக்கொண்டிருக்கிறேன் என்பது போலக் கையை ஆட்டுகிறார். "அவனுக்கு நீச்சல் தெரியாதுடி" என்று அத்தை சொன்னதுதான் எனக்குக் கேட்டது. துண்டுகளை உதறிவிட்டுக் குதித்துவிட்டேன்.

துடுப்பு மிதந்துகொண்டிருந்த இடத்துக்குப் போய் அதைப் பிடித்து, முன்னால் தள்ளிக்கொண்டே படகுவரை போனேன். படகின் விளிம்பில் கையை வைத்தேன், இப்போது வைத்தால் யார் என்ன சொல்லப்போகிறார்கள். அப்பா என்னைப் பார்த்து முதலில் கேட்டது, "இந்தத் தூரத்துக்கு யாரும் பணம் தர மாட்டாங்களேம்மா!" அப்புறம் அவருக்கே அழுகை வந்துவிட்டது, கொப்புளக் கையால் முகத்தைத் துடைக்கப் போய் எரிச்சலில் ஆ என்று கத்தினார், இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அப்போதுதான் அம்மா எனக்கு உறைத்தது, நான் நடு ஏரியில் இருக்கிறேன், கீழே தரை இல்லை, வரும்போது பக்கத்தில் படகு இல்லை, பாசி வந்ததா தடவியதா என்று நான் ஒரு தடவைகூட நினைக்கவில்லை. எனக்குப் பயம் போய்விட்டது என்று எழுதமாட்டேன், நாளைக்கே திரும்ப இறங்கச் சொன்னால் நடுங்குவேன். ஆனால் அந்தப் பொடியனிடம் இனிமேல் பயப்படாதே என்று சொல்லப்போவதில்லை. பயமாகத்தான் இருக்கும், வானத்தைப் பார், நான் பக்கத்தில் இருக்கிறேன், யாரும் ஹாரன் அடிக்கவில்லை என்று சொல்வேன், அது எனக்குச் சொல்லத் தெரியும்.

இரவு வெகுநேரம் ஆகிவிட்டது, இப்போது இரண்டு கையாலும் எழுதுகிறேன், குழாயைப் பிடித்துக்கொள்ளவில்லை. அப்பாவிடம் துடுப்பு விஷயம் உனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே, தெருவில் எல்லாரிடமும் வேண்டுமென்றே படகை அங்கே நிறுத்தி வைத்திருந்தேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார், பாவம், சொல்லட்டும். ராத்திரி வேலை முடிந்ததும் காலைக் கொஞ்ச நேரம் உயரத்தில் தூக்கி வைத்துப் படு. அந்த உயரமான அக்காவுக்கு ஒரு நல்ல கோப்பையாக நீயே வாங்கிக் கொடுத்துவிடு. எந்தக் குறையும் இல்லாமல், நல்ல தூக்கமும் நல்ல மனிதர்களுமாக நீ நூறு வயசு இருக்க உன் அம்மாவின் மனமார்ந்த ஆசிகள். ஒன்று மட்டும் மறக்காதே. நான் வருகிற அன்று பேருந்து நிலையத்தில் கூட்டமாக இருக்கும், நீ பதறிக்கொண்டு அங்கும் இங்கும் ஓடி என்னைத் தேடக்கூடாது. நின்ற இடத்தில் நில். நான் வந்து உன்னைக் கூட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் வயிற்றில் பிறந்த உன் அம்மா